அடுக்களைக்கு ஒரு நூல்

உணவு சமைத்தற்கும் நூல் உண்டு என்பது தமிழர்க்குப் புதிய செய்தி அன்று. சிறுபாணாற்றுப்படை, நல்லியக்கோடன் அளிக்கும் விருந்தைக் கூறுமிடத்து, வீமன் இயற்றிய நூலின் நெறி வழுவாமற் சமைத்த பலவகை உணவு என்று அதனைச் சிறப்பிக்கின்றது. சமையலை நெறியுடைய கலையாக அந்நாளிலேயே கருதினர் என்பது இதனால் விளங்கும்.

ஆயினும், வீடுகளில் அக்கலை ஏட்டில் தங்கவில்லை. கையிலும் கண்ணிலுமே தங்கியது. தாயின் அருகில் நின்று மகள் கற்றாள். உப்பு எவ்வளவு என்று கேட்டால், "கை அறியும்" என்பதே விடையாகும். மகள் அடுத்த தெருவில் வாழ்க்கைப்பட்ட வரையில் இஃது ஒரு குறையாகத் தோன்றவில்லை. தொழிலின் பொருட்டு மக்கள் மும்பைக்கும் தில்லிக்கும் கடல் கடந்த நாடுகளுக்கும் சென்று வாழத் தொடங்கிய பின்னரே குறை புலப்பட்டது. தாய் மறைந்ததும், அவர் வைத்த வற்றற்குழம்பின் அளவு ஒருவருக்கும் தெரியாமற் போன குடும்பங்கள் எத்தனையோ!

இக்குறையைத் தீர்க்க எழுந்த நூல்களுள் தலைசிறந்தது, எஸ். மீனாட்சி அம்மாள் 1951-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'சமைத்துப் பார்' என்பதாகும். புதிதாக அடுக்களையில் நுழைவோரை மனத்திற் கொண்டு, பொருள்களின் அளவையும் செய்முறையையும் அவர் தெளிவாக எழுதினார். மணமகளுக்குக் கொடுக்கும் சீர்ப் பொருள்களோடு அந்நூலையும் வைத்தனுப்பும் வழக்கம் பல குடும்பங்களில் ஏற்பட்டது. பொன்னும் வெள்ளியும் பெட்டிக்குள் இருக்க, அந்நூல் நாள்தோறும் பயன்பட்டிருக்கும் என்பதில் ஐயமில்லை.

இந்நாளிலோ சமையல் நூல்கள் கடைகளிற் குவிந்து கிடக்கின்றன. ஆயிரம் உணவுகள் அடங்கியது என்று ஒன்று பெருமை பேசும். வழவழப்பான தாளில் வண்ணப்படங்களைக் காட்டி மற்றொன்று மயக்கும். படத்தைப் பார்த்துப் பசியாறியவர் எவரும் இலர். இல்லத்திற்கு ஒரே நூல் வாங்குவோர், அது எத்தனை உணவுகளைக் கூறுகிறது என்பதைவிட, ஒன்றையேனும் முழுமையாகக் கூறுகிறதா என்றே ஆராய்தல் வேண்டும்.

அதிரசத்தை எடுத்துக்கொள்வோர்க்கு இவ்வேறுபாடு நன்கு விளங்கும். "வெல்லத்தைப் பாகு காய்ச்சி மாவைச் சேர்க்கவும்" என்று ஒரு நூல் கூறி முடித்துவிடும். எந்தப் பதத்தில் சேர்ப்பது? நல்ல நூல் அதனைச் சொல்லும்: பாகில் ஒரு துளியை எடுத்துத் தண்ணீரில் விட்டால், அது கரையாமல் மெத்தென்ற உருண்டையாகத் திரள வேண்டும். பதம் குறைந்தால் அதிரசம் எண்ணெயில் பிரிந்துபோகும்; மிகுந்தால் பல்லுக்கு வேலை வைக்கும். இவ்வாறு பிழையையும் அதன் காரணத்தையும் கூறும் நூலே, அருகில் தாய் இல்லாத குறையைச் சிறிதளவேனும் போக்கும்.

அளவு பற்றியும் கருத்து வேண்டும். பழைய நூல்களில் படி, ஆழாக்கு, பலம் என்பன வழங்கும். எட்டு ஆழாக்கு ஒரு படி. ஒரு பலம் ஏறத்தாழ 35 கிராம். 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தை ஒட்டி மெட்ரிக் அளவைகள் நடைமுறைக்கு வந்தபின், இப்பெயர்கள் இளைஞர்க்கு அயலாகிவிட்டன. ஆதலின், பழைய அளவுக்குப் புதிய அளவு தரும் அட்டவணை இல்லாத நூல், எவ்வளவு சிறந்ததாயினும், தொடக்கத்தில் இடர் தரும்.

எல்லா இல்லங்களுக்கும் பொருந்தும் ஒரே நூல் உண்டோ எனின், இல்லை என்பதே உண்மை. 'சமைத்துப் பார்' மரக்கறி உணவுக்கே உரியது. மீன்குழம்பு நாடும் கடற்கரை ஊர்க் குடும்பத்திற்கு அது போதாது. அக்குடும்பம் மீன் கழுவுவதிலிருந்து கற்பிக்கும் நூலைத் தேடவேண்டும். நூலைப் பார்த்துச் சமைத்தால் கைம்மணம் வாராது என்பாரும் உளர். கைம்மணம் பலமுறை சமைத்தபின் வருவது. முதல்முறை சமைப்பவருக்கு வேண்டுவது சோறு குழையாமல் வடித்தெடுக்கும் வழியே. வெளியூரில் தனியறையில் தங்கிப் பணிபுரியும் மகனுக்கும் இது வேண்டும். பெண்ணுக்கு மட்டும் சமையல் நூல் கொடுப்பது பாதி வீட்டைப் பட்டினி போடுவதாகும்.

வாங்குமுன், தமக்கு நன்கு தெரிந்த ஓர் உணவின் பக்கத்தைக் கடையிலேயே புரட்டிப் பார்த்தல் நலம். இட்லியே போதும். அரிசிக்கு உளுந்து எத்தனை பங்கு, எந்த அரிசி, எவ்வளவு நேரம் ஊறவேண்டும், குளிர்காலத்தில் மாவு புளிக்க எவ்வளவு கூடுதல் நேரம் ஆகும் என்பன அங்கு இருக்கின்றனவா என்று பார்க்கவேண்டும். "மாவு புளித்ததும் இட்லி வார்க்கவும்" என்று மட்டும் இருப்பின், அந்நூலை எடுத்த இடத்திலேயே வைத்துவிடலாம்.