விழுப்புண் அன்று, வெறும் புண்

மைக்கேல் ஹோல்டிங் 2021 செப்டம்பரில் கிரிக்கெட் வருணனையிலிருந்து ஓய்வு பெற்றபோது, பலரும் அவருடைய குரலின் அழகையே பாடினார்கள். அந்த ஜமைக்காக் குரல் இனியதே. ஆயினும் நாம் இழந்தது குரலையன்று, மறுத்துப் பேசும் ஒரு நாவை. 2019 உலகக் கோப்பையில், மேற்கிந்தியத் தீவுகளும் ஆஸ்திரேலியாவும் மோதிய ஆட்டத்தில், நடுவர்களின் பிழைகளை அவர் ஒளிவுமறைவின்றிக் கண்டித்தார். அவ்வாறு பேச வேண்டாமென ஒளிபரப்புத் தயாரிப்பாளர் தரப்பிலிருந்து மடல் வந்தது. பணிய மறுத்து மறுமடல் எழுதினார். இருபது ஓவர் ஆட்டத்தைக் கிரிக்கெட்டென்றே ஒப்பாதவராதலால் ஐபிஎல் பக்கமும் அவர் வரவில்லை.

நம் நாட்டில் நிலைமை என்ன? 2016இல் ஹர்ஷா போக்ளே ஐபிஎல் வருணனையிலிருந்து காரணம் சொல்லப்படாமலே நீக்கப்பட்டார். 2020இல் சஞ்சய் மஞ்ச்ரேக்கர் கிரிக்கெட் வாரியத்தின் வருணனைக் குழுவிலிருந்து விலக்கப்பட்டார். போக்ளே பின்னர் திரும்பி வந்தார் என்பது வேறு. மற்றவர்களுக்கு வேண்டிய பாடம் அதற்குள் புகட்டப்பட்டுவிட்டது.

இதற்கும் வீரர்களின் காயத்துக்கும் என்ன தொடர்பு என்று நண்பர்கள் கேட்கலாம். 2019 மே 12 அன்று ஐதராபாத்தில் நடந்த ஐபிஎல் இறுதியாட்டத்தை நினைவுகூருங்கள். குருதி கசிந்து நனைந்த மஞ்சள் உடையோடு ஷேன் வாட்சன் 80 ஓட்டங்கள் எடுத்தார். சென்னை ஒரே ஓட்டத்தில் தோற்றது. அவர் யாரிடமும் சொல்லாமல் ஆடினார் என்பதையும், முழங்காலில் ஆறு தையல் போடப்பட்டதையும் ஹர்பஜன் சிங் பின்னர் வெளியிட்டார். தமிழகமே உருகியது. 2002இல் ஆண்டிகுவாவில், உடைந்த தாடையைக் கட்டிக்கொண்டு அனில் கும்ப்ளே 14 ஓவர் வீசியதற்கும் இப்படித்தான் உருகினோம். அவர்களது துணிவை நான் குறைத்துச் சொல்லவில்லை. காயத்தை மறைப்பதே கடமையென்று ஒரு வீரனை எண்ண வைத்தது எது என்ற கேள்வியை எழுப்ப வேண்டியவர் வருணனையாளர். எழுப்பியவர் எத்தனை பேர்?

இலக்கியம் பயின்றோர் உடனே விழுப்புண்ணைத் துணைக்கழைப்பர். புறப்புண் நாணி வடக்கிருந்த சேரமான் பெருஞ்சேரலாதனைச் சொல்வர்; படைச்செருக்கு அதிகாரத்தைச் சொல்வர். அவையெல்லாம் போர் பற்றியன. ஆட்டம் போரன்று, ஆடி முடித்தபின் இரு தரப்பும் வீடு திரும்ப வேண்டும் என்பதே அதன் முதல் விதி. மேலும், படைச்செருக்கு பாடிய அதே வள்ளுவர்தாம் மருந்து என்றோர் அதிகாரமும் வைத்தார். அதை மட்டும் நாம் மைதான வாயிலிலேயே விட்டுவிடுகிறோம்.

காயம்பட்டவர் ஒதுங்கினால் அணி வீழ்ந்துவிடும் என்பதும் வெற்றுரையே. 2022 புரோ கபடிப் போட்டியில் தமிழ் தலைவாஸ் அணி 2.26 கோடி ரூபாய்க்கு எடுத்த பவன் செராவத், முதல் ஆட்டத்தின் தொடக்கத்திலேயே முழங்கால் காயமுற்றார். அப்பருவம் முழுதும் அவர் ஆடவில்லை. அவரின்றியே அந்த அணி முதன்முறையாகப் பிளே-ஆஃப் சுற்றை எட்டியது.

அதே 2022 ஜூலையில், எங்கள் கடலூர் மாவட்டத்தில், பண்ருட்டியை அடுத்த மானடிக்குப்பத்தில் கபடி பாடிப் போன ஓர் இளைஞர் களத்தில் சுருண்டு விழுந்து மாண்டார். அந்தக் காணொளி எங்கும் பரவியது. நாம் பார்த்தோம், பகிர்ந்தோம், மறந்தோம். கம்மாபுரம் வட்டாரத்துச் சிற்றூர்களில் கபடி நடத்துவோர் பந்தலுக்கும் மின்விளக்குக்கும் கோப்பைக்கும் பணம் திரட்டுகிறார்கள். களத்தோரம் ஒரு மருத்துவரும் ஆம்புலன்சும் நிற்க வேண்டுமென்று எத்தனை குழுக்கள் எண்ணுகின்றன? ஒலிபெருக்கி பிடித்தவரோ, நொண்டிக்கொண்டே மீண்டும் களமிறங்குபவனைச் சிங்கமென்றும் புலியென்றும் முழங்குகிறார். தொலைக்காட்சியில் கற்ற பாடமல்லவா அது!

வாட்சனுக்குத் தையல் போட மருத்துவர் இருந்தார். செராவத்துக்கு ஓய்வெடுக்க ஒப்பந்தம் இருந்தது. ஊர்க்களத்துப் பையனுக்கு இருப்பவை கைதட்டலும் ஒலிபெருக்கியும் மட்டுமே. ஆகவே ஒலிபெருக்கி பிடிக்கும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அடிபட்டவனைப் புகழாதீர்கள். ஆட்டத்தை நிறுத்தச் சொல்லுங்கள். கூட்டம் உங்களை ஏசலாம். குழுவினர் அடுத்த ஆண்டு அழைக்காமலும் போகலாம். அந்தப் பையன் வீடு போய்ச் சேருவான்.