பொருத்தினால் மட்டும் போதுமா?

இடுக்கி மலையில் வெந்நீர் ஆடம்பரப் பொருள் அல்ல. செண்டுவாரை, லட்சுமி போன்ற எஸ்டேட்டுகளில் டிசம்பர், ஜனவரி இரவுகளில் வெப்பநிலை பூஜ்யத்தை நெருங்குவதையும், விடிகாலையில் புல்லின் மேல் உறைபனி படிந்து கிடப்பதையும் நாம் அறிவோம். கொழுந்து பறிக்கக் கிளம்பும் தாய்க்கும், பள்ளிக்குப் புறப்படும் பிள்ளைக்கும், மூட்டுவலியோடு முடங்கிக் கிடக்கும் பெரியவருக்கும் ஒரு வாளி வெந்நீர் அத்தியாவசியத் தேவை. லயங்களில் அதை விறகடுப்புதான் தந்து வந்தது. பல வீடுகளில் இன்றும் அதுவே தருகிறது. வசதி வந்த வீடுகளில் கீசர் வந்தது. இப்போது மூன்றாவதாக ஹீட் பம்ப் வந்திருக்கிறது. தங்கும் விடுதிகளில் முதலில் நுழைந்த இந்த இயந்திரத்தை, ஓய்வுபெற்று எஸ்டேட்டுக்கு வெளியே சொந்த வீடு கட்டும் நம்மவர்களும் வாங்கத் தொடங்கியிருக்கிறார்கள். வரவேற்க வேண்டிய மாற்றம்தான். ஆனால் இதை வாங்குவதில் காட்டும் அக்கறையை, ஓட்டத் தொடங்கும் நாளில் நாம் காட்டுவதில்லை என்பதே நமது வருத்தம்.

ஹீட் பம்ப் என்றால் என்ன? கிணற்று நீரை பம்பு மேலே இறைப்பதைப் போல, வெளிக்காற்றில் இருக்கும் வெப்பத்தை இறைத்துத் தொட்டி நீரில் சேர்க்கும் கருவி அது. நம் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி உள்ளிருக்கும் வெப்பத்தைப் பின்புறமாக வெளியே தள்ளுகிறதல்லவா? அதே வேலைதான். ஸ்காட்லாந்தில் பணியாற்றிய விஞ்ஞானி கெல்வின் 1852-லேயே இந்த வழியைச் சொல்லிவிட்டார். சுவிட்சர்லாந்தின் சூரிச் நகர மண்டபத்தை 1938-ல் இப்படித்தான் சூடாக்கினார்கள். ஆகவே இது நேற்று முளைத்த வித்தையல்ல.

இதன் பலனைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். மலையில் குழாய்த் தண்ணீர் 15 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். அதில் 100 லிட்டரை 50 டிகிரிக்குக் கொண்டுவர, கீசருக்கு நான்கு யூனிட்டுக்குச் சற்று அதிகமாக மின்சாரம் வேண்டும். ஹீட் பம்ப் ஒரு யூனிட் மின்சாரத்தைக் கொண்டு இரண்டரை முதல் மூன்று யூனிட் அளவு வெப்பத்தைச் சேர்க்கும். எனவே ஒன்றரை யூனிட்டை ஒட்டி வேலை முடிந்துவிடும். மாதத்துக்கு கீசர் 120 யூனிட் கேட்டால், இது 40 முதல் 50 யூனிட் கேட்கும்.

கேரள மின்வாரியத்தின் கட்டண முறையில் இந்த வித்தியாசம் சிறியதல்ல. மாதம் 250 யூனிட் வரை வீட்டுக் கட்டணம் படிப்படியாக ஏறுகிறது. அதைத் தாண்டிவிட்டாலோ, முதல் யூனிட்டிலிருந்தே எல்லா யூனிட்டுக்கும் உயர்ந்த விலை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பில் வருவதால் 500 யூனிட்டே எல்லை. பல குடும்பங்களில் அந்த எல்லைக்கு உள்ளே நிற்பதா, வெளியே போவதா என்பதை வெந்நீரே தீர்மானித்துவிடும்.

இவ்வளவு நன்மை இருந்தும், "ஹீட் பம்ப் வைத்தும் பில் குறையவில்லையே" என்ற புலம்பல் ஏன் எழுகிறது? பெரும்பாலும் பழுது இயந்திரத்தில் இல்லை, தொடங்கிவைத்த விதத்தில் இருக்கிறது. கடையிலிருந்து வரும் மிஸ்திரி குழாயை இணைத்து, சுவிட்சைப் போட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு மலையிறங்கிவிடுகிறார். முதல் நாள் தொட்டி முழுவதும் பச்சைத் தண்ணீர். ஹீட் பம்ப் மெதுவாகச் சூடேற்றும் கருவி. 200 லிட்டர் தொட்டி முதல்முறை சூடாக நான்கு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகலாம். கீசரின் வேகத்துக்குப் பழகிய நமக்குப் பொறுமை இல்லை. பல மாடல்களில் அவசரத்துக்கென்று தொட்டிக்குள்ளேயே ஒரு மின் ஹீட்டரும் இருக்கும். "சூடாகவில்லை" என்று போன் செய்தால் அதை எப்போதும் ஓடும்படி மாற்றிவிடச் சொல்கிறார்கள். அதோடு கதை முடிந்தது! ஹீட் பம்பின் விலையைக் கொடுத்து, கீசரை ஓட்டிக்கொண்டிருக்கிறோம்.

முறையாகத் தொடங்குவதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. மலைப்பாதையில் லாரியில் குலுங்கி வந்த இயந்திரத்தை நிமிர்த்தி வைத்து, கம்பெனிக் குறிப்பில் சொன்ன நேரம் வரை விட்டுவைக்க வேண்டும். கம்ப்ரசரின் எண்ணெய் தன் இடத்துக்குத் திரும்ப அந்த அவகாசம் தேவை. தொட்டி நிரம்பி, வெந்நீர்க் குழாயில் காற்று இல்லாமல் தண்ணீர் சீராக வந்த பிறகே கரண்ட் கொடுக்க வேண்டும். எர்த் இணைப்பையும் இ.எல்.சி.பி.யையும் சோதிக்க வேண்டும். வெளி யூனிட்டைச் சுற்றிக் காற்று தாராளமாக வந்துபோக வேண்டும். மழைக்குப் பயந்து தகரம் வைத்து மூடினால் தான் விட்ட குளிர்ந்த காற்றையே அது மறுபடி இழுத்துத் திணறும்.

அடுத்தது அளவு பார்த்து அமைப்பது. குளிக்க 50 டிகிரி தாராளம். அதற்கு மேல் ஏற்ற ஏற்ற இயந்திரத்தின் சிக்கனம் குறையும். கிருமி வளராதிருக்க வாரம் ஒருமுறை 60 டிகிரி வரை சூடாக்கினால் நல்லது. அன்று மட்டும் குழாயைத் திறக்கும்போது குழந்தைகள் பக்கத்தில் இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். முக்கியமானது நேரம். விடிகாலைக் குளிரில் காற்றில் வெப்பம் குறைவு. பகல் பதினொரு மணிக்கு மேல் வெயில் ஏறியபின் ஓடும்படி டைமரை வைத்தால், அதே வேலை குறைந்த மின்சாரத்தில் முடியும். நல்ல தொட்டி மறுநாள் காலை வரை சூட்டைக் காக்கும். மின்தேவை உச்சத்தில் இருக்கும் மாலை ஆறு முதல் பத்து மணி வரையிலும் இயந்திரம் சும்மா இருக்கும். கடுங்குளிரில் வெளி யூனிட்டில் பனி படிந்தால், அதை உருக்க இயந்திரம் சில நிமிடம் சூடாக்குவதை நிறுத்தி ஆவி விடும். அது பழுதல்ல, இயல்பு. இதைச் சொல்லிவைக்காததால் பயந்து சுவிட்சை அணைப்பவர்களும் உண்டு.

பாலக்காட்டுப் பக்கம் கதை வேறு. சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பகுதிகளில் கோடை 40 டிகிரியைத் தொடும்போது வெந்நீர் யாருக்கு வேண்டும்? அங்கே வீட்டுக்குள் இருக்கும் ஹீட் பம்பின் பெயர் ஏ.சி. ஸ்டார் முத்திரை பெறும் ஏ.சி.கள் 24 டிகிரியில் தொடங்கும்படி அமைக்கப்பட வேண்டும் என்ற விதி 2020 ஜனவரி முதல் நடப்பில் உள்ளது. ஆனாலும் போட்டவுடன் 18-க்கு இறக்குகிறோம். அதனால் அறை சீக்கிரம் குளிர்வதில்லை, பில்தான் சீக்கிரம் ஏறும். ஒவ்வொரு டிகிரி உயர்த்தும்போதும் ஏறக்குறைய 6 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்பது மத்திய மின்துறையின் கணக்கு. ஆக, மலைக்கு ஓர் அளவு, சமவெளிக்கு ஓர் அளவு. இரண்டுக்கும் தொழிற்சாலையில் வைத்தனுப்பிய ஒரே அளவு பொருந்தாது.

நாம் கேட்க வேண்டியவை மூன்று. ஒன்று, பொருத்தும் நாளில் வீட்டாரை நிற்கவைத்து, அவர்களுக்குப் புரியும் மொழியில் விளக்க வேண்டும். ஆங்கிலக் கையேட்டை நீட்டிவிட்டுப் போவது விளக்கமாகாது. இரண்டு, வைத்த டிகிரி, ஓடும் நேரம், மின் ஹீட்டரின் நிலை ஆகியவற்றை ஒரு தாளில் தமிழில் எழுதிச் சுவரில் ஒட்ட வேண்டும். மூன்று, மே மாதத்தில் பொருத்தியவர் ஜனவரியில் ஒருமுறை வந்து பார்க்க வேண்டும். குளிர்காலத்தைச் சந்திக்காத இயந்திரத்தை மலையில் சோதித்ததாகச் சொல்ல முடியாது. இவை எழுத்தில் வரும்வரை முழுப் பணத்தையும் கொடுக்கக் கூடாது.

ஐ.டி.ஐ.யில் குளிர்சாதனப் பிரிவு படித்துவிட்டு வேலை தேடும் பிள்ளைகள் நம்மிடையே இருக்கிறார்கள். இரு மொழியும் அறிந்த அவர்களுக்கு இது நல்ல தொழில். சங்கங்கள் அவர்களை அழைத்து, ஊர்தோறும் ஒரு நாள் செயல்விளக்கம் நடத்தலாம். கேரளத்தின் முதல் நீர்மின் நிலையம் 1940-ல் பள்ளிவாசலில், நம் கண்ணெதிரே உள்ள மலையில்தான் தொடங்கியது. மின்சாரம் பிறந்த மண்ணில் வாழ்பவர்கள், அதை அளந்து செலவழிக்கவும் கற்றுக்கொள்ள வேண்டாமா? வாழ்நாள் சேமிப்பில் வாங்கும் பொருளுக்கு அரை நாள் விளக்கம் கேட்பது நமது உரிமை. கேட்டுப் பெறுவோம்.