தாத்தன் 'குடித்த' நிலம்

பரம்பரை தேடுவது கோத்திரக்காரன் வேலை, நமக்கெதற்கு என்று தோழர்கள் சிலர் கேட்கிறார்கள். காஞ்சிபுரத்துக் கோயில் சுவர்களைப் போய்ப் பாருங்கள். எந்த ராசா எவனுக்கு எத்தனை வேலி தானம் கொடுத்தான் என்று கல்லிலேயே வெட்டி வைத்திருக்கிறான். சேரிக்காரனுக்கு ஏது சுவர்? இருப்பது சர்க்கார் காகிதம்தான். அதையும் நாம் விட்டுவிடக்கூடாது என்கிறேன்.

பழைய சென்சஸில் பாட்டன் பெயர் கிடைக்காது. இங்கிலாந்தில் நூறு வருசம் போனால் வீட்டுவாரிப் படிவத்தைத் திறந்து விடுகிறான்; 1921 கணக்கு 2022இல் வெளியானது. இங்கே அதே வெள்ளைக்காரன் தலைகளைக் கூட்டிக்கொண்டு படிவங்களை அழித்துவிட்டான். சுதந்திரத்துக்குப் பின் வந்த படிவங்களை 1948 சென்சஸ் சட்டம் பூட்டி வைத்திருக்கிறது. 1891 கணக்கில் பறையர் என்ற பேருக்குள் 348 உட்பிரிவு உண்டு, தறி நெய்த கோலியரும் உண்டு (நெசவு நமக்குப் புதுசு என்கிறவர்கள் கவனிக்க). ஆனால் ஒரு ஆள் பேர் கிடையாது.

பேர் இருப்பது நிலப் பதிவேட்டில். அதே 1891இல் செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமென்ஹீர் நம் சனங்களின் நிலையை அறிக்கையாக எழுதினார். 1892 செப்டம்பரில் அரசாணை வந்தது. பஞ்சமி நிலம் அப்படிப் பிறந்தது. பத்து வருசம் விற்கக்கூடாது, பிறகு விற்றாலும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்குத்தான், மீறினால் செல்லாது என்பது நிபந்தனை.

"ஒங்க தாத்தன் நெலத்தக் குடிச்சே அழிச்சான்." ஊரில் சொன்னார்கள். எங்கள் வீட்டிலும் அதையேதான் சொன்னார்கள். அப்பா அந்தப் பேச்சு வந்தாலே எழுந்து போய்விடுவார். தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டுப் பழைய பதிவேட்டு நகல் வாங்கினேன். ஒரு ஏக்கர் நாற்பது சென்ட், எதிரே 'டி.சி.' என்று இரண்டு எழுத்து. வில்லங்கம் போட்டதில் 1961 கிரயப் பத்திரம் கிடைத்தது. முன்கடனுக்கு ஈடாக எழுதியது, வாங்கியவர் ஆண்டை, கீழே தாத்தன் கைநாட்டு. செல்லாத கிரயத்துக்கு சர்க்கார் முத்திரை!

அத்தையிடம் படித்துக் காட்டினேன். "எங்கப்பன் கள்ளுப்பக்கமே போவமாட்டாருடா. ஆயாவுக்கு வைத்தியம் பாக்க நெல்லு கடன் வாங்கினாரு" என்றது. ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை? "யாரு கேட்டீங்க?" நிலம் போன மறு வருசம் முன்பணம் வாங்கிக்கொண்டு அதைப் பட்டுத்தறியில் உட்கார வைத்தார்கள். வயது ஒன்பது. குடிகாரன் கதையைக் கட்டிவிட்டது ஆண்டை வீடு. அறுபது வருசம் அதைச் சுமந்தது நாங்கள்.

பஞ்சமி நிலத்துக்காகத்தான் 1994 அக்டோபர் 10இல் காரணைப் போராட்டத்தில் ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் குண்டுக்கு உயிர் கொடுத்தார்கள். படிக்கிற பிள்ளைகள் லீவில் ஊருக்குப் போனால் 'அ' பதிவேடும் வில்லங்கமும் கேட்டு வாங்குங்கள். 1922 வரை பறையன், பஞ்சமன் என்றிருக்கும். அதற்குப் பிறகு ஆதிதிராவிடர் என்று மாறும், ஆள் ஒருவரே. கிழவிகளிடம் மறக்காமல் கேளுங்கள்.

எங்கள் சர்வே எண்ணில் இப்போது கல் நட்டு மனை பிரித்திருக்கிறார்கள். பட்டா எந்த வருசம் கைமாறியது என்று கேட்டு மனுக் கொடுத்திருக்கிறோம். பதில் வரவில்லை.