ஜெர்மனியில் படிப்பு, வார இறுதியில் பாரிஸ்: மாணவர் பட்ஜெட்டில் ஐரோப்பா சுற்றுவது நிஜமாகவே சாத்தியமா?

இன்ஸ்டாகிராமைத் திறந்தால் போதும். ஈஃபில் கோபுரத்தின் முன்னால் ஒரு தம்பி நிற்பார். 'வெறும் 40 யூரோவுல பாரிஸ் ட்ரிப்' என்று ஸ்க்ரீனில் எழுத்து ஓடும். கீழே கமென்ட் பகுதி முழுக்க 'ப்ரோ, எந்த யூனிவர்சிட்டி?', 'ப்ரோ, எவ்வளவு செலவாச்சு?' என்ற கேள்விகள்தான்.

அந்த 40 யூரோ பொய் இல்லை. இரண்டு மாதம் முன்பே புக் செய்தால் பஸ் டிக்கெட் அந்த விலைக்குள் அடங்கும். அதற்குப் பின்னால் ஊரில் ஒரு கல்விக்கடன் ஓடிக்கொண்டிருப்பதுதான் ரீலில் வராது. படிக்கப் போகும் பிள்ளை ஊர் சுற்றினால் வீட்டில் முகம் சுளிப்பார்கள். சுற்றாமல் வந்தால் பிள்ளையே பிற்பாடு வருத்தப்படும். ஆகவே, 'போகலாமா, கூடாதா' என்பதை விட்டுவிட்டு, எந்தக் காசில் போகிறோம், எந்த அனுமதியில் போகிறோம் என்று பார்ப்போம். தமிழ்நாட்டு மாணவர்கள் அதிகம் விசாரிக்கும் நாடு என்பதால் ஜெர்மனியையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம்.

முதலில் அந்த 992 யூரோ

ஜெர்மனி மாணவர் விசாவுக்கு 'பிளாக்டு அக்கவுன்ட்' எனப்படும் முடக்கப்பட்ட கணக்கில் ஓராண்டுச் செலவுக்கான தொகையைப் போட்டுக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பரிலிருந்து இது 11,904 யூரோ. ஒரு யூரோவை 100 ரூபாய் என்று தோராயமாக வைத்தாலும் கிட்டத்தட்ட 12 லட்சம். இதை மொத்தமாக எடுக்க முடியாது; மாதம் 992 யூரோதான் கைக்கு வரும்.

'ஜெர்மனியில் படிப்பு இலவசம்' என்பது பாதி உண்மை. பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் கிடையாது. ஆனால் பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்கள் செமஸ்டருக்கு 1,500 யூரோ கட்ட வேண்டும். மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024-25 குளிர்கால செமஸ்டரிலிருந்து வெளிநாட்டு மாணவர்களிடம் கட்டணம் வாங்குகிறது. முதுநிலைப் படிப்புக்கு செமஸ்டருக்கு 4,000 முதல் 6,000 யூரோ வரை.

கட்டணமே இல்லாத இடம் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். 992 யூரோவில் வாடகை போக வேண்டும். மாணவர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஏறக்குறைய 150 யூரோ போகும். இந்த மாணவர் சலுகைக் காப்பீடே 30 வயது வரைதான்; இங்கே சில வருடம் வேலை பார்த்துவிட்டு மாஸ்டர்ஸ் போகிறவர்கள் இதைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். சாப்பாடு, நீங்களே சமைத்தால் 220 யூரோ. செமஸ்டர் பங்களிப்புத் தொகைக்கு மாதம் 50 யூரோ எடுத்து வைக்க வேண்டும். போன், சில்லறைச் செலவுகள், வீட்டில் டிவி இல்லாவிட்டாலும் ஒவ்வொரு வீடும் கட்ட வேண்டிய மாதம் 18.36 யூரோ ஒலிபரப்புக் கட்டணம் என எல்லாம் சேர்ந்து இன்னொரு 50. (டிவியே இல்லாத வீட்டுக்கு எதற்கு இது என்று சண்டை போட்டுப் பார்த்தவர்கள் நிறையப் பேர். யாரும் ஜெயித்ததாகக் கேள்விப்படவில்லை.)

இப்போது வாடகையைப் போட்டுப் பாருங்கள். மியூனிக்கில் பகிர்ந்து வாழும் வீட்டில் ஓர் அறைக்கு சுமார் 800 யூரோ ஆகிறது. வாடகையும் காப்பீடும் போக மிச்சம் 42 யூரோ. அதில் மாதம் முழுக்கச் சாப்பிட வேண்டும். கெம்னிட்ஸ், மாக்டபர்க் மாதிரி கிழக்கு ஜெர்மனி ஊரில் 300 யூரோவுக்கு அறை கிடைத்தால், எல்லாச் செலவும் போக 220 யூரோ சொச்சம் கையில் நிற்கும்.

பயணச் செலவு முடிவாவது டிக்கெட் புக் செய்யும்போது அல்ல; பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே முடிவாகிவிடுகிறது. ரேங்கிங் பட்டியலை நாலு முறை பார்க்கும் நாம், அந்த ஊரின் வாடகையை ஒரு முறைகூடப் பார்ப்பதில்லை. கெம்னிட்ஸிலிருந்து செக் எல்லை பக்கம்தான், பிராக் ஒரு வார இறுதிக்குப் போதும். அழகான பெரிய நகரத்தில் இருப்பவர் அறையைவிட்டு நகர முடியாமல் இருக்க, பெயரே கேள்விப்படாத ஊரில் இருப்பவர் ஐந்து நாடு பார்த்திருப்பார். என் கல்லூரித் தோழி ஒருத்தி இதில் இரண்டாவது ரகம். நாங்கள் எல்லாம் 'அது எந்த ஊர்டி?' என்று கிண்டல் செய்தவர்கள்தான்.

பார்ட் டைம் வேலை பார்த்துச் சுற்றலாமே?

பார்க்கலாம். 2024 மார்ச் முதல் வெளிநாட்டு மாணவர்கள் ஆண்டுக்கு 140 முழு நாட்கள் அல்லது 280 அரை நாட்கள் வேலை செய்யலாம். குறைந்தபட்ச ஊதியம் 2026 ஜனவரியிலிருந்து மணிக்கு 13.90 யூரோ. 'மினிஜாப்' என்ற வகையில் மாதம் 603 யூரோ வரை சம்பாதிக்கலாம்.

ஆனால் வேலை நிச்சயம் இல்லை. சின்ன ஊரில் ஜெர்மன் மொழி தெரியாமல் கடையிலோ உணவகத்திலோ வேலை கிடைப்பது கஷ்டம். வாடகை குறைவான ஊரில் வேலையும் குறைவு என்பதை ஏஜென்ட்கள் சொல்வதில்லை. அதனால் சம்பளம் வரும் என்று நம்பி முதல் செமஸ்டரிலேயே டிக்கெட் போடாதீர்கள். அந்த நேரத்தில் வீட்டுக்கான முன்பணமும் சேர்ந்து வரும். சட்டப்படி மூன்று மாத அடிப்படை வாடகை வரை கேட்கலாம். பிளாக்டு அக்கவுன்ட்டில் இருக்கும் பணம் அதற்கு உதவாது.

ஒரே கார்டில் 29 நாடுகள், ஒரு கணக்குடன்

ஜெர்மன் குடியிருப்பு அனுமதி அட்டை கையில் இருந்தால் ஷெங்கன் பகுதியின் மற்ற நாடுகளுக்குத் தனி விசா வேண்டாம். எந்த 180 நாட்களை எடுத்தாலும் அதில் 90 நாட்கள் வரை அந்த நாடுகளில் இருக்கலாம். ஜெர்மனிக்குள் இருக்கும் நாட்கள் இதில் சேராது. குரோஷியா 2023-லும், ருமேனியாவும் பல்கேரியாவும் முழுமையாக 2025 ஜனவரியிலும் சேர்ந்துவிட்டதால் இப்போது மொத்தம் 29 நாடுகள். ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லாத சுவிட்சர்லாந்தும் நார்வேயும் இதில் உண்டு. ஒன்றியத்தில் இருக்கும் அயர்லாந்து இல்லை. அந்த நாடுகளில் சுற்றத்தான் அனுமதி, வேலை பார்க்க அல்ல.

இங்கேதான் லண்டனுக்கும் டப்ளினுக்கும் போகும் மாணவர்கள் ஏமாறுகிறார்கள். 'ஐரோப்பா பக்கத்திலேயே இருக்கே, போய்க்கலாம்' என்று நினைத்துப் போவார்கள். பிரிட்டன், அயர்லாந்து மாணவர் விசா வைத்திருக்கும் இந்தியர் பாரிஸ் போகவேண்டுமானால் ஷெங்கன் விசா எடுத்தாக வேண்டும். 2024 ஜூனிலிருந்து அதன் கட்டணம் 90 யூரோ. நேர்காணல் தேதிக்குக் காத்திருப்பது தனிக் கதை.

ஜெர்மனியில் இருப்பவர்களுக்கு வேறொரு சிக்கல். இங்கிருந்து வாங்கிப்போகும் விசா பெரும்பாலும் சில மாதங்களுக்குத்தான். அதற்குள் குடியிருப்பு அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். கூட்டம் அதிகமான நகரங்களில் அட்டை கைக்கு வர மாதக்கணக்கில் ஆகும். இடைக்காலத்துக்கு 'ஃபிக்ட்ஸியோன்ஸ்பெஷைனிகுங்' என்று ஒரு சான்றிதழ் தருவார்கள். (பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் ரயில் போய்விடும்.) அதில் குடியிருப்புச் சட்டத்தின் 81-வது பிரிவில் எந்த உட்பிரிவு குறிக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். மூன்றாவது உட்பிரிவு என்றால், எல்லை தாண்டிப் போனபின் அதை வைத்துத் திரும்ப உள்ளே வர முடியாது. நான்காவது என்றால் பொதுவாகப் பிரச்சினை இல்லை. ஆனாலும் வெளிநாட்டவர் அலுவலகத்தில் மெயிலில் கேட்டு, பதிலைக் கையில் வைத்துக்கொண்டு கிளம்புவது நல்லது.

'ஷெங்கனில் எல்லைச் சோதனையே கிடையாது' என்ற நம்பிக்கையும் இப்போது பழசு. 2024 செப்டம்பர் 16 முதல் ஜெர்மனி தன் எல்லா நில எல்லைகளிலும் சோதனை நடத்துகிறது. நள்ளிரவில் பஸ்ஸை நிறுத்தி போலீஸ் ஏறும்போது போனில் இருக்கும் பாஸ்போர்ட் போட்டோ உதவாது. ஒரிஜினல் பாஸ்போர்ட், ஒரிஜினல் அட்டை இரண்டும் பையில் இருக்க வேண்டும்.

சரி, எப்படிப் போவது?

மாதம் 63 யூரோ 'டாய்ச்லாண்ட் டிக்கெட்' இருந்தால் ஜெர்மனி முழுக்க உள்ளூர், வட்டார ரயில்களில் போகலாம். மாணவர்களுக்குப் பல பல்கலைக்கழகங்கள் இதையே 60 சதவீத விலையில் செமஸ்டர் கட்டணத்தோடு சேர்த்துத் தருகின்றன. ஐசிஇ போன்ற வேக ரயில்களில் இது செல்லாது. நேரம் பிடிக்கும், ஆனால் காசு மிச்சம்.

இதை வைத்து நாடும் தாண்டலாம். மியூனிக்கிலிருந்து வட்டார ரயிலில் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் ரயில் நிலையம் வரை இந்த டிக்கெட் செல்லும். இன்னொரு வழி, ட்ரியர். அங்கிருந்து லக்சம்பர்க் எல்லை வரை இதே டிக்கெட். எல்லை தாண்டியதும் டிக்கெட்டே வேண்டாம். 2020-லிருந்து அந்த நாட்டில் பஸ், டிராம், ரயிலில் இரண்டாம் வகுப்பு எல்லாமே எல்லோருக்கும் இலவசம்.

விமானம் என்றால் டிக்கெட் விலையை மட்டும் பார்க்காதீர்கள். 'ஃபிராங்க்ஃபர்ட் ஹான்' விமான நிலையம் ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து சுமார் 120 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. சென்னை ஏர்போர்ட் என்று சொல்லி விழுப்புரத்துக்கு அருகே இறக்கிவிட்ட மாதிரி. 20 யூரோ டிக்கெட் எடுத்துவிட்டு, இரு பக்கமும் ஏர்போர்ட் பஸ்ஸுக்கு அதைவிட அதிகம் கொடுத்தவர்கள் உண்டு. என்னுடைய ஒரே ஐரோப்பியப் பயணத்தில், ஒரு இன்ச் பெரிதாக இருந்த முதுகுப்பைக்காக நானும் கேட்டில் நின்று தண்டம் கட்டியிருக்கிறேன்.

ரயில் பாஸ் வாங்குவதாக இருந்தால் ஒரு விஷயம். இந்தியாவிலிருந்து சுற்றுலா வருபவர்களுக்கு 'யூரெயில்'. ஐரோப்பாவில் வசிப்பவர்களுக்கு 'இன்டர்ரெயில்'. பாஸ்போர்ட் நிறம் முக்கியம் இல்லை, வசிக்கும் நாடுதான் கணக்கு. ஆக நீங்கள் இன்டர்ரெயில். 27 வயது வரை இளைஞர் விலை உண்டு. பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின் வேக ரயில்களில் பாஸ் இருந்தாலும் சீட் ரிசர்வேஷனுக்குத் தனிக் காசு. இரண்டு ஊருக்காக பாஸ் எடுப்பது வீண்.

மியூசியங்களிலும் இதே குடிமகன்–குடியிருப்பவர் வித்தியாசம் வரும். பாரிஸின் லூவ்ர், ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் வசிக்கும் 26 வயதுக்கு உட்பட்ட யாருக்கும் இலவசம். குடியிருப்பு அட்டையைக் காட்டினால் போதும். மாட்ரிட்டின் பிராடோவில் 18 முதல் 25 வயது வரையுள்ள மாணவர்கள் எந்த நாட்டவராக இருந்தாலும் இலவசம். இத்தாலி அரசு மியூசியங்களின் 2 யூரோ டிக்கெட்டோ ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களுக்கானது. நமக்கு அங்கே மாதத்தின் முதல் ஞாயிறு. அன்று எல்லோருக்கும் இலவசம், வரிசை மட்டும் திருப்பதி ரேஞ்சில் இருக்கும்.

எப்போது போவது என்று கேட்டால், கிறிஸ்துமஸ் விடுமுறையைத் தவிர்த்துவிடலாம். எல்லாமே விலை ஏறியிருக்கும். பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரை பல்கலைக்கழகங்களில் வகுப்பு இருக்காது, டிக்கெட்டும் ஹாஸ்டலும் மலிவு. ஆனால் அதை முழு விடுமுறை என்று எண்ணி முன்கூட்டியே புக் செய்துவிடாதீர்கள். சில பாடங்களுக்குத் தேர்வு மார்ச் கடைசியில்தான் வைப்பார்கள், மலிவு விலை டிக்கெட்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு ரீஃபண்டும் கிடையாது. தேர்வு அட்டவணை வெளியான அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து புக் செய்தாலும் லிஸ்பனுக்கு நியாயமான விலையில் டிக்கெட் கிடைக்கும்.