தங்கைக்கு வைத்த பங்கு

சுமார் 1,750 ஆண்டுகளுக்கு முந்தைய எகிப்து. பெற்றோர் இறந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. இருபது வயதை ஒட்டிய அந்தோனியாரிடம் இருந்தது கிட்டத்தட்ட 200 ஏக்கர் வளமான நிலம். கூடவே, வளர்க்க வேண்டிய ஒரு சின்னத் தங்கை.

ஒருநாள் ஆலயத்தில் மத்தேயு நற்செய்தி வாசித்தார்கள். உள்ளதை விற்று ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு வரும்படி பணக்கார இளைஞனிடம் இயேசு சொல்லும் பகுதி. பைபிளில் அந்த இளைஞன் வருத்தத்தோடு திரும்பிப் போய்விடுகிறான். அந்தோனியாரோ அது தனக்கே சொன்னது என்று எடுத்துக்கொண்டார். நிலம் ஊராருக்குப் போனது. மற்ற பொருட்களை விற்ற பணம் ஏழைகளுக்கு. தங்கைக்காக மட்டும் கொஞ்சம் ஒதுக்கிவைத்தார். அண்ணன் மனசு அல்லவா!

இன்னொரு நாள், நாளையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்ற இயேசுவின் போதனை காதில் விழுந்தது. ஒதுக்கியதையும் கொடுத்துவிட்டார். தங்கையை, தெரிந்த கன்னியர் சிலரிடம் ஒப்படைத்துவிட்டுத் துறவியானார்.

அந்தச் சிறுமியின் மனசை யாராவது கேட்டார்களா? அந்தோனியாரின் வரலாற்றை எழுதிய ஆயர் அத்தனாசியார் அதைச் சொல்லவில்லை. ஆனால், பல ஆண்டுகள் கழித்து அண்ணனும் தங்கையும் சந்தித்ததை எழுதியிருக்கிறார். அப்போது தங்கைக்கும் வயதாகியிருந்தது. மற்ற கன்னியருக்கு அவரே வழிகாட்டியாக இருந்தார். பார்த்த அண்ணனுக்கு அவ்வளவு மகிழ்ச்சி!