கடைசியாகத் தொட்டவன் குற்றவாளி அல்ல

ஸ்விட்ச் ரீஸ்டார்ட் ஆனது, வைஃபை வரவில்லை. உடனே எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி: "யாருப்பா ஸ்விட்சைத் தொட்டது?" அந்தக் கேள்வியே தப்பு என்பது என் கட்சி. (நெட்வொர்க் ஸ்விட்சைச் சொல்கிறேன், ஃபேன் ஸ்விட்ச் இல்லை :-))

நம்ம வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் யாரும் வேண்டுமென்றே ஸ்விட்சை ரீஸ்டார்ட் செய்வதில்லை. மின்வாரியம் செய்து வைக்கிறது. மாதாந்திரப் பராமரிப்பு என்று ஊர்ப் பெயர்களோடு பேப்பரில் அறிவிப்பு வரும். காலையில் போகும் கரண்ட் மதியத்துக்கு மேல்தான் திரும்பும். யூபிஎஸ் பேட்டரி தீர்ந்ததும் ஸ்விட்ச் அணைந்து, கரண்ட் வந்ததும் தானாக எழும். ஆனால் கூரையில் மாட்டிய ஆக்சஸ் பாயிண்டுகளில் பாதி எழாது. ஷூ கம்பெனி குடோனில் பார்கோடு ஸ்கேனரோடு ஒருவர் நிற்பார், ஹாஸ்டலில் ஆன்லைன் டெஸ்டுக்கு ஒருவன் உட்கார்ந்திருப்பான். திட்டு விழுவது எலக்ட்ரீஷியன் அண்ணனுக்கு, அல்லது கான்ட்ராக்டில் இருக்கும் லேப் அசிஸ்டென்டுக்கு.

உண்மையில் என்ன நடக்கிறது? பெரும்பாலும் மூன்றில் ஒன்று.

முதலாவது, கரண்ட். பெரும்பாலான ஆக்சஸ் பாயிண்டுகளுக்கு நெட்வொர்க் கேபிள் வழியாகவே மின்சாரம் போகிறது. 2003-ல் வந்த தரத்தில் ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட், 2009-ல் வந்ததில் 30 வாட். 370 வாட் தரக்கூடிய 24 போர்ட் ஸ்விட்ச் என்றால் 15.4 கணக்கில் எல்லோருக்கும் சரியாகப் போதும். 30 கணக்கில் 12 பேருக்குத்தான். பழைய ஆக்சஸ் பாயிண்டுகளை ஒவ்வொன்றாக மாற்றியபோது பிரச்சினை தெரிந்திருக்காது. ரீஸ்டார்ட்டுக்குப் பிறகு எல்லாம் ஒரே நேரத்தில் கேட்கும். சில ஸ்விட்சுகள் ஆளுக்கு முழு 30 வாட்டை ஒதுக்கி வைத்துவிடும். கடைசிப் பந்தியில் சாப்பாடு இல்லை! அடையாளம்: ஆக்சஸ் பாயிண்டில் விளக்கே எரியாது.

இரண்டாவது, முகவரி. ஸ்பானிங் ட்ரீ காரணமாக ஒரு போர்ட் முழுதாகத் திறக்க 15+15 என்று 30 நொடி ஆகலாம். ஐபி முகவரி தரும் ரவுட்டரோ சர்வரோ அதைவிட மெதுவாக எழலாம். ஆக்சஸ் பாயிண்ட் கேட்கும், பதில் வராது. சில மாடல்கள் 169.254 என்று தொடங்கும் முகவரியைத் தாங்களே வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். அடையாளம்: விளக்கு எரியும், கன்ட்ரோலரில் ஆளைக் காணோம்.

மூன்றாவது, ஞாபகம். சிஸ்கோ ஸ்விட்சில் நாம் தட்டும் மாற்றம் ரன்னிங் கான்ஃபிக்கில் போய் உடனே வேலை செய்யும். ஆனால் எழும்போது ஸ்விட்ச் படிப்பது ஸ்டார்ட்அப் கான்ஃபிக்கை. சேவ் செய்யாமல் விட்டால், ஆறு மாதம் ஓடிய போர்ட்டின் வீலேன் அமைப்பு ஒரு நிமிடத்தில் காணாமல் போகும். அடையாளம்: வைஃபை பெயர் தெரியும், கனெக்ட் ஆகப் பார்க்கும், நெட் வராது.

கவனியுங்கள், மூன்றுமே ரீஸ்டார்ட்டுக்கு முன்பே இருந்தவை. அரியர் விழுந்தது பரீட்சையில். ரிசல்ட் ஒட்ட வந்த அட்டெண்டரைத் திட்டி என்ன பயன்?

பெரிய இடத்திலும் இதே கதைதான். 1990 ஜனவரி 15-ல் ஏடி அண்ட் டி நிறுவனத்தின் நியூயார்க் டெலிபோன் ஸ்விட்ச் ஒன்று தன்னைத்தானே ரீஸ்டார்ட் செய்து எழுந்தது. அது அனுப்பிய செய்திகளில் தடுமாறி அடுத்தடுத்த ஸ்விட்சுகளும் ரீஸ்டார்ட் ஆயின. மொத்தம் 114 ஸ்விட்ச், சுமார் 9 மணி நேரம் அவதி. காரணம், சில வாரங்களுக்கு முன் ஏற்றிய மென்பொருளில் தப்பான இடத்தில் இருந்த ஒரு 'பிரேக்'. ஆமாம், நாம் சி லேபில் எழுதும் அதே பிரேக்.

தொட்டவனைத் திட்டினால் என்ன ஆகும்? அடுத்த முறை யாரும் தொட மாட்டார்கள். "எங்க ஸ்விட்ச் 400 நாளா ஆஃப் ஆகல" என்பது பெருமை இல்லை சார், பயம். 400 நாளாகப் பரீட்சையே எழுதவில்லை என்று அர்த்தம்.

"ஷிப்மென்ட் நேரத்தில் இதையெல்லாம் யார் பார்ப்பது?" என்பீர்கள். நியாயம். அதனால்தான் மின்தடை தேதியைப் பயன்படுத்தச் சொல்கிறேன். முந்தின நாளே கான்ஃபிக்கை சேவ் செய்யுங்கள். எந்த போர்ட்டில் எந்த ஆக்சஸ் பாயிண்ட், மொத்தம் எத்தனை வாட் என்று ஒரு தாளில் எழுதி ரேக்கிலேயே ஒட்டுங்கள். பேட்டரி தீரும்வரை காத்திருக்காமல் நீங்களே அணையுங்கள். கரண்ட் வந்ததும் ரவுட்டர், சர்வர் முதலில், ஸ்விட்ச் அப்புறம்.

அப்படியும் வரவில்லையா? எல்லாவற்றையும் மறுபடி அணைக்காதீர்கள். பல ஸ்விட்சுகளில் லாக் அதோடு அழிந்துவிடும், தடயமும் போச்சு. ஒரே ஒரு ஆக்சஸ் பாயிண்டை எடுத்து விளக்கு, முகவரி, வீலேன் என்று வரிசையாகப் பாருங்கள். தேவைப்பட்டால் அந்த போர்ட்டை மட்டும் அணைத்துப் போடுங்கள்.

நம் வகுப்பில் பலருக்கு முதல் வேலையே இப்படி ஏதாவது ஒரு கம்பெனியின் சர்வர் ரூமில்தான் இருக்கும். அங்கே "யார் தொட்டது?" என்று கேட்காமல் "எந்த போர்ட், என்ன விளக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். வைஃபையும் சீக்கிரம் வரும், அந்த எலக்ட்ரீஷியன் அண்ணனும் நிம்மதியாக டீ குடிப்பார்.