‘உராய்வு’ன்னு எழுதி கோப்பை மூடினது போதும்!

தோழர்களே! உழைக்கும் மக்களே!

முதலிப்பட்டி – 2012 செப்டம்பர் 5
அச்சங்குளம் – 2021 பிப்ரவரி 12
ரெங்கபாளையம் – 2023 அக்டோபர் 17
செங்கமலப்பட்டி – 2024 மே 9
சின்னக்காமன்பட்டி – 2025 ஜூலை 1

எல்லாமே விருதுநகர் மாவட்டத்து ஊர்கள். எல்லாமே பட்டாசு வெடிவிபத்து நடந்த நாட்கள். இது முழுப் பட்டியலும் அல்ல. முதலிப்பட்டியில் மட்டும் 40 பேருக்கு நெருக்கமானவர்களை இழந்தோம். அச்சங்குளத்தில் 20 பேருக்கு மேல்.

ஒவ்வொரு முறையும் மறுநாள் செய்தியில் ஒரே வரிதான் வருது. “மருந்து கலக்கும்போது ஏற்பட்ட உராய்வே காரணம்.” இதற்கு என்ன அர்த்தம்? உள்ளே இருந்த தொழிலாளி கவனமா இல்லை, அதனால் செத்தார் என்று அர்த்தம். போர்மேன் மீது வழக்கு, நிவாரணத் தொகை, சில நாள் அதிரடி ஆய்வு. அப்புறம் அடுத்த வெடிச் சத்தம் வரைக்கும் அமைதி.

நாம் ஒன்றை மறைக்க வேண்டியதில்லை. தொழிலாளி விதியை மீறுவது உண்மைதான். அலுமினியப் பவுடரும் வெடியுப்பும் கந்தகமும் சேர்ந்த கலவை லேசான உரசலுக்கே பற்றிக்கொள்ளும் என்பது, அந்த வேலையைப் பார்க்கிறவருக்கு யாரும் சொல்லித் தரவேண்டிய விஷயம் இல்லை. தெரிந்தும் வேகமாகச் சலிக்கிறார். தெரிந்தும் 4 பேர் இருக்கவேண்டிய ரூமில் 8 பேர் உட்காருகிறார்கள். தெரிந்தும் மரத்தடியில் வைத்து மருந்து செலுத்துகிறார்கள்.

தெரிந்தே ஏன் செய்கிறார்? ஆய்வறிக்கைகள் இந்தக் கேள்வியோடு ஆரம்பிக்கணும். நடப்பதோ, கேள்வி வருவதற்கு முன்னாலேயே கோப்பு மூடப்படுது.

பதில் கூலியில் இருக்கிறது. பீஸ் ரேட்! எத்தனை உருப்படியோ அத்தனை காசு. மெதுவாகச் செய்தால் கூலி குறையும், வேகமாகச் செய்தால் ஏறும். “பாதுகாப்பே முதன்மை”ன்னு சுவரில் எழுதிப் போட்டுவிட்டு, வேகத்துக்கு மட்டும் காசு கொடுத்தால், தொழிலாளி சுவரைப் பார்ப்பாரா, கூலிச் சீட்டைப் பார்ப்பாரா? அதோடு முன்பணக் கடன் கழுத்தில் தொங்குது. தீபாவளி நெருங்கினால் ஆர்டர் அழுத்தம். மழை பெய்தால் வேலை இல்லை, அந்த நஷ்டத்தையும் வெயில் அடிக்கிற நாளில்தான் ஈடுகட்டணும்.

அடுத்தது உள்குத்தகை. லைசென்ஸ் ஒருவர் பேரில். ஆலைக்குள்ளே ரூம் ரூமாகப் பிரித்து வேறு பலருக்குக் குத்தகை. ரூமை எடுத்தவர் போட்ட காசை எடுக்கப் பார்ப்பார். யார் சொல்வதை யார் கேட்பது? நாக்பூர் லைசென்ஸ் ஆனாலும் சரி, டி.ஆர்.ஓ. லைசென்ஸ் ஆனாலும் சரி, காகிதத்தில் இருக்கிற முதலாளி வேறு, களத்தில் விரட்டுகிறவர் வேறு.

தொழிலாளியின் நடத்தை மாறணுமா? கட்டாயம் மாறணும். ஆனால் எச்சரிக்கைப் பலகையும் வருடத்துக்கு ஒரு பாதுகாப்பு வார விழாவும் அதைச் செய்யாது. பாதுகாப்பாக வேலை பார்க்கிறவருக்கு நஷ்டம் வரக்கூடாது. அந்த ஒன்றை உறுதி செய்தால் பாதிப் பழக்கம் தானாக மாறும்.

அதற்கு நாம் முன்வைக்கும் கோரிக்கைகள்:

👉 மருந்து கலக்குதல், சலித்தல், செலுத்துதல் ஆகிய வேலைகளில் பீஸ் ரேட்டை ஒழித்து நாள் கூலி ஆக்கு! உயிர் போகிற வேலையில் வேகத்துக்குக் காசு கொடுக்காதே!

👉 ஆபத்து என்று வேலையை நிறுத்தியவருக்கு அன்றைய கூலி முழுசா கொடு! “நாளைக்கு வராத”ன்னு சொல்கிறவர் மீது நடவடிக்கை எடு!

👉 ஒவ்வொரு ஆலையிலும் ‘தப்பிச்சோம்’ நோட்டு ஒன்று வை! பொறி பறந்து அணைந்தது, கலவை சூடேறியது, சட்டி கை தவறி விழுந்தது, எல்லாம் அதில் பதியணும். எழுதியவருக்குத் தண்டனை கூடாது. இன்றைக்கு மயிரிழையில் தப்பியதுதான் நாளைக்கு விபத்தாக வருது.

👉 உள்குத்தகை பிடிபட்டால் லைசென்ஸ்காரர் மீதே முதல் வழக்கு! போர்மேனைப் பலிகொடுத்துத் தப்பிக்க விடாதே!

👉 பயிற்சியைக் கையெழுத்துச் சடங்காக நடத்தாதே! தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம் வேலை நடக்கிற இடத்துக்கே வந்து, பெண் தொழிலாளர்களுக்கும் கூலியோடு பயிற்சி கொடு!

இதற்குச் சட்டத்தில் இடம் இருக்கா? இருக்கு. போபால் கொடுமைக்குப் பிறகு, 1987ல் தொழிற்சாலைகள் சட்டம் திருத்தப்பட்டது. அபாயகரமான செயல்முறை உள்ள ஆலைகளில் தொழிலாளரும் நிர்வாகமும் சம எண்ணிக்கையில் உட்காரும் பாதுகாப்புக் குழு வேண்டும் என்றது. உடனடி ஆபத்து தெரிந்தால் நிர்வாகத்திடமும் ஆய்வாளரிடமும் சொல்லும் உரிமையைத் தொழிலாளிக்குக் கொடுத்தது.

2020ல் ஒன்றிய அரசு கொண்டுவந்த சட்டத் தொகுப்புகளை நாம் எதிர்க்கிறோம். ஆய்வாளர் என்ற பெயரையே ‘ஆய்வாளர் மற்றும் உதவியாளர்’ என்று மாற்றிய தொகுப்பு அது. பாதுகாப்புக் குழுவையும், அரசு உத்தரவு போட்டால்தான் அமைப்போம் என்ற நிலைக்குத் தள்ளிவிட்டார்கள். ஆனால் அதே தொகுப்பிலும்கூட, ஆபத்தைச் சுட்டிக்காட்டும் உரிமையை அவர்களால் எடுக்க முடியவில்லை. அப்படியானால் மாநில அரசுக்கு நம் கேள்வி நேரடியானது. சின்ன ஆலை, பெரிய ஆலை என்று பார்க்காமல், எல்லாப் பட்டாசு ஆலையிலும் பாதுகாப்புக் குழு அமைக்க உத்தரவு போடுவதில் என்ன தயக்கம்?

இனி, வேலைக்குப் போகிற அண்ணன் தம்பிகளுக்கும் அக்கா தங்கச்சிகளுக்கும் சில வார்த்தைகள். சட்டம் வரும்வரை உயிர் காத்திருக்காது.

🔴 நைலான், பாலியஸ்டர் வேண்டாம், பருத்தித் துணி மட்டும் உடுத்துங்க. உடம்பில் சேரும் நிலைமின்சாரம் ஒரு பொறிக்குப் போதும். ரூமுக்குள் நுழையும்முன் வாசலில் இருக்கிற செம்புத் தகட்டைத் தொட்டுட்டுப் போங்க. தகடு இல்லையா? கேட்டு வாங்குங்க.

🔴 மருந்துச் சட்டியைத் தரையில் இழுக்காதீங்க, தூக்கி வைங்க. இரும்புச் சாமானை உள்ளே கொண்டுபோகாதீங்க.

🔴 கலந்த மருந்தை மறுநாளுக்கு மிச்சம் வைக்காதீங்க. ஈரம் பட்ட அலுமினியக் கலவை தானாகவே சூடேறும். காலையில் கதவைத் திறக்கிறவர் உயிர் அதில் இருக்கு.

🔴 ஐந்தாவது ஆள் ரூமுக்குள் வந்தால் எழுந்து வெளியே வாங்க. ஒருத்தர் வந்தா திமிர்னு சொல்லுவாங்க. நாலு பேரும் சேர்ந்து வந்தா பேச வருவாங்க. சங்கம்னா அதுதான்.

🔴 வெடிச் சத்தம் கேட்டால் அந்தப் பக்கம் ஓடாதீங்க. முதலிப்பட்டியில் உதவப் போனவர்களும் அடுத்த வெடிப்பில் செத்தாங்க. தீயணைப்பு வரும்வரை தள்ளி நில்லுங்க, பிள்ளைகளைத் தள்ளி நிறுத்துங்க.

கடைசியாக, பட்டாசு வாங்குகிற நமக்கும் ஒரு வார்த்தை. வானத்தில் வெடிக்கிற ஒவ்வொரு வெளிச்சத்திலும் கந்தக பூமியில் ஒரு பெண்ணின் விரல் பட்டிருக்கு. மானாவாரி நிலம் பொய்த்துப்போய், வேறு பிழைப்பு இல்லாமல் அந்த ஆலைக்குள் போனவர் அவர். பட்டாசுத் தொழில் வாழணும், அந்தத் தொழிலாளியும் வாழணும். இரண்டில் ஒன்று என்று யாராவது சொன்னால் அது முதலாளி கணக்கு.

காலையில் வேலைக்குப் போனவர் சாயங்காலம் முழுசா வீடு திரும்பணும். இது சலுகை இல்லை, உரிமை!

பீஸ் ரேட் முறையை ஒழித்திடு!
உள்குத்தகையைத் தடுத்திடு!
ஆலைதோறும் பாதுகாப்புக் குழு அமைத்திடு!

படித்துவிட்டுப் பகிருங்கள் தோழர்களே. குறிப்பாக, ஆலைக்குப் போகும் ஒருவருக்காவது வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள்.

#உயிர்காக்கும்வேலை #பட்டாசுத்தொழிலாளர்உரிமை #உராய்வல்லஉழைப்புச்சுரண்டல்